பட்டாசுக்காரர் மகளின் இடது காது

ஆகஸ்ட் 11, திங்கள்

வீட்டுக்கு வந்தாச்சு. பெங்களூரில் ஐந்து நாள் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. உடம்பை ஓர் இடம் விடாமல் அளந்து அனுப்பியிருக்கிறார்கள். கண் சரி. நிறம் பிரித்துப் பார்ப்பது சரி. முழங்கை கோணல் இல்லை, பாதம் தட்டை இல்லை, முதுகெலும்பு நேர், பல்லும் போதுமான அளவுக்கு இருக்கிறது. பட்டதாரி, கல்யாணம் ஆகாதவள், வயதும் இந்த ஒரு தடவைக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. இத்தனையும் தாண்டி ராணுவ அதிகாரி ஆக வேண்டிய உடம்பு எதில் போய் விழுந்தது என்றால் — காது அழுக்கில்! அழுக்கு அடைத்துக்கொண்டு செவிப்பறையே தெரியவில்லையாம். 'தற்காலிகமாகத் தகுதியில்லை.' சுத்தம் செய்துகொண்டு ஆறு வாரத்துக்குள் அப்பீல் போர்டுக்கு வரச் சொன்னார்கள். கூட இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

ருமானா விருதுநகர் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருக்கிறவள். வீட்டுக்குக்கூட விடாமல் நேரே காது டாக்டர் சங்கரபாண்டியனிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் அழுக்கை எடுத்துவிட்டு லைட் அடித்துப் பார்த்தார். "செவிப்பறை கண்ணாடி கணக்கா இருக்கும்மா. தைரியமாப் போங்க" என்றார். அப்பாடா என்று இருந்தது.

சாயங்காலம் எங்கள் ஊர் ஆமத்தூரில் இறங்கினால் வீட்டு வாசலில் மாலையோடு ஒரு கூட்டம். அப்பாவுடையது சின்னப் பட்டாசுக் கம்பெனிதான், ஆனால் பெருமைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. இந்த சீசனுக்கென்று செய்த புதுச் சரத்தை ஒரு ஆர்டருக்கும் அனுப்பாமல் எனக்காக எடுத்து வைத்திருந்தார். சரத்தின் நுனியில் பெரிய குண்டுகளாகக் கோத்திருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கையில் திரியோடு அப்பா குனிந்தபோது என் கைகள் தானாகக் காதுக்குப் போயின.

"ஏலே ஹரி, உங்க அக்காளப் பாருலே! பட்டாசுக்காரன் மக காதப் பொத்துதா!"

அப்பா சொன்னதும் தம்பி சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் காதைப் பொத்துவதில்லை. கைப்பிள்ளைக்குக்கூடப் பொத்த மாட்டார்கள், பழகட்டும் என்பார்கள். ஆபீசர் ஆகப் போகிறவள் பொத்தலாமா? கையை இறக்கிக்கொண்டேன்.

இடது காதில் இன்னும் ஙொய் என்கிறது. வெடி போட்டால் அப்படித்தானே இருக்கும்.

ஆகஸ்ட் 12

தலையணையில் ஒரு பொட்டு ரத்தம். கொசு அடித்ததாக இருக்கும்.

ஆகஸ்ட் 13, புதன்

கொசு இல்லை.

டாக்டர் சங்கரபாண்டியன் காதில் லைட் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார், மறுபடி வைத்தார். "முந்தாநாள் நான்தானே பாத்தேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இடது செவிப்பறையில் ஓட்டை.

தானாக மூடிக்கொள்ளலாமாம். மூடாமலும் போகலாமாம். தலைக்கு ஊற்றக் கூடாது. மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது. தும்மினால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். ஆறு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்றேன். "பண்ணினாலும் நீங்க சொல்லுத தேதிக்குள்ள ஆறாதும்மா. காயத்தோட போனா அவுக உள்ளயே விடமாட்டாக."

அழுக்கு இருந்தது, எடுத்தேன். எடுத்த அன்றைக்கே ஓட்டை. ஏன்டி கையை எறக்குன? ஒரு நிமிசம் சிரிச்சா என்ன, சிரிச்சிட்டுப் போறாங்க! நாலு பேர் சிரிப்புக்குப் பயந்தவளுக்குத் துப்பாக்கி ஒரு கேடா?

அப்பாவிடம் சொல்லக் கூடாது. திரியில் நெருப்பு வைத்தது அவர் கை. சொன்னால் தாங்க மாட்டார். ருமானாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மெயின் ரோட்டில் பேனர் வைத்திருக்கிறார் அப்பா. காலேஜில் என்.சி.சி. உடுப்பில் எடுத்த என் போட்டோ, கீழே 'வருங்கால ராணுவ அதிகாரி ஸ்ரீமதி காளிராஜ்'. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் போட்டோவிலும் இடது காதுதான் முன்னால் இருக்கிறது. கல்லால் எறியலாம் போல இருந்தது.

அம்மா வேறு விடமாட்டேன் என்கிறாள். "ஏட்டி, வெள்ளிக்கிழமையும் தலைக்கு ஊத்தல, இன்னைக்கும் ஊத்தல, சிக்கு நாத்தம் அடிக்கி." சளி என்றேன். சளியோடு தினமும் ஓடுகிறாயே என்றாள்.

சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கிறவர்கள் போன மாதம் பெண் கேட்டு வந்தார்களாம். பயிற்சி முடிகிற வரைக்கும் கல்யாணம் கூடாது என்பது ராணுவத்தின் விதி, என் மகள் தட்டு மாற்றப் பிறந்தவள் இல்லை என்று அப்பாவே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். அம்மா இன்றைக்குத்தான் சொன்னாள். ஏன் இன்றைக்குச் சொன்னாள்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

ருமானாவின் வாப்பா மீரான் மைதீன், விருதுநகரில் உளுந்து மொத்த வியாபாரம். வெள்ளிக்கிழமை மதியம் அவர் தொழுகைக்குப் போய்விடுவார், லோடுமேன்களும் சாப்பிடப் போய்விடுவார்கள். குடோனில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ராணுவத்தில் காதைச் சோதிப்பது இப்படித்தான்: இருபது அடி தூரத்தில் முதுகைக் காட்டி நிறுத்தி, ஒரு காதை அடைத்துவிட்டு, பின்னாலிருந்து மெதுவாகப் பேசுவார்கள். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து இன்னொரு காது. மூட்டைகளுக்கு நடுவே டேப் வைத்து அளந்து நின்றேன். வலது காதில் ருமானா மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வலதை அடைத்துக்கொண்டு இடது காதால் கேட்டேன்.

மூட்டைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

"மல்லின்னேன், துவரைன்னேன், கொண்டைக்கடலைன்னேன். நீ நான் சொல்லாததெல்லாம் சொல்லுத ஸ்ரீ" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

ஆகஸ்ட் 30

கேட்டுச்சு! ஒரு வார்த்தை, தெளிவா!

இல்லை. வலது காதைச் சரியாக அடைக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஓட்டை சுருங்கிக்கொண்டு வருகிறதாம். டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். வரும் வழியில் மாரியம்மன் கோவிலில் நின்று, மூடிவிட்டால் அக்னிச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பட்டாசுக்காரர் குடும்பத்துக்கு நெருப்பு போதாது போல.

செப்டம்பர் 9

காலையில் ஆனைக்குட்டம் ரோட்டில் ஓட்டம். அப்பா பின்னால் பைக்கில். "கையை வீசு தாயி, மூச்சைப் பிடிக்காத" என்று அவர்தான் எனக்கு சுபேதார். சீசன் நேரம், கம்பெனியில் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் விடிந்தால் பைக்கை எடுத்துவிடுகிறார்.

மத்தியானம் கம்பெனிப் பக்கமிருந்து சோதனை வெடிச் சத்தம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னைப் பெத்து, படிக்க வச்சு, ஓட வச்சு, கடைசியில் நீங்களே ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீக? வாய் வரைக்கும் வருகிறது. சாயங்காலம் கை நிறையப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார், ரத்தம் ஊறட்டும் என்று. இவரை நான் எப்படி வெறுப்பது?

செப்டம்பர் 14, ஞாயிறு

மூடிவிட்டது! லீவு நாளிலும் டாக்டர் எனக்காக வந்து பார்த்தார். ஓட்டை இருந்த தடம் மட்டும்தான் தெரிகிறதாம். ருமானா அங்கேயே அழ ஆரம்பித்தாள்.

அப்புறம் கண்ணாடி அறையில் உட்கார வைத்து மெஷினில் சோதித்தார். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்தினேன், அழுத்தினேன். இடது காதுக்கு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"தோல் மூடிருச்சும்மா. உள்ள நரம்பு அடி வாங்கியிருக்கு" என்றார்.

"வந்துரும்ல சார்?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 16

நாளைக்கு ரயில். அப்பாவும் வருகிறேன் என்று பிடிவாதம். கடவுளே, ஒரே ஒரு நாள். ஒரு அரைமணி நேரம். அதற்கப்புறம் அந்தக் காது செவிடாகவே போகட்டும், வேறு எதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன், பெங்களூர்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

ராணுவ ஆஸ்பத்திரியில் என்னைப் போல ஒரு வரிசை. எடை கூடியவர்கள், மூக்குத்தண்டு வளைந்தவர்கள். டாக்டரான மேஜர் அம்மா ஒருவர் குழாய் வைத்துப் பார்த்தார். அழுக்கு இல்லை என்று எழுதினார். இடது பக்கம் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்தார். "இங்கே அடிபட்டதா?" என்றார். வெடிச் சத்தம் என்றேன். எந்த ஊர் என்றார். சிவகாசிப் பக்கம் என்றதும் தலையை ஆட்டினார். நல்ல மாதிரிதான். ஆறியிருக்கிறது, கேட்கிறதா பார்ப்போம் என்றார்.

சுவரைப் பார்த்து நின்றேன். ஓர் உதவியாளர் இடது காதை அடைத்தார். வலது காதால் எல்லாவற்றையும் சொன்னேன், பிசகே இல்லை. அப்புறம் வலது காதை அடைத்தார்.

நின்றேன். சுவரில் வெள்ளைப் பெயிண்ட், ஓர் இடத்தில் உப்பியிருந்தது. காத்துக்கொண்டிருந்தேன். எங்கோ மின்விசிறி மாதிரி ஒரு இரைச்சல், அது என் காதுக்குள்ளேயே இருப்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இவர்கள் பேப்பரைப் புரட்டுகிறார்கள் போல, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பார்த்துவிட்டு, நானே கேட்டேன்.

"நான் தயார் மேடம். நீங்கள் ஆரம்பிக்கலாம்."

உதவியாளர் கையை எடுத்துவிட்டார். திரும்பினேன். மேஜர் அம்மா அங்கிருந்து பாதி தூரம் நடந்து வந்து நின்றிருந்தார். பேசிக்கொண்டே வந்திருக்கிறார்.

செப்டம்பர் 19

அன்ஃபிட்.

செப்டம்பர் 27, சனி

அப்பீலுக்கும் மேலே கடைசியாக இருக்கிற ரிவ்யூ போர்டு கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டேன். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். கொடுத்தாலும் இந்தக் காதைத்தானே கொண்டுபோக வேண்டும்?

அப்பா காரணம் கேட்கவே இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் என் முகத்தைப் பார்த்தார், பையை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் கேட்டால் "மெடிக்கல்ல சின்னப் பிரச்சினை" என்று நிறுத்திக்கொள்கிறார். பேனரை யார் கழற்றினார்கள் என்று தெரியவில்லை. அவர் கோபப்பட்டால்கூட நன்றாக இருக்கும். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். கேட்க மாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 8

சாப்பிடப் பிடிக்கவில்லை. எழுதவும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விண்ணப்பம் தள்ளுபடி என்று போன வாரமே வந்துவிட்டது. இனிமேல் வயதும் இல்லை. முடிந்தது.

இன்றைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலை துவட்டிவிட்டாள். காலண்டர் பிரஸ்காரர்கள் பேச்சை அவள் இன்னும் எடுக்கவில்லை, எடுப்பாள்.

அப்பா காபியோடு வந்தார். பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே உட்காராமல் சுற்றி வந்து, வலப்பக்கம் இருந்த அம்மாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பிடும்போது வலப்பக்கம். கோவிலுக்கு நடந்தால் வலப்பக்கம். பெங்களூர் ரயிலில் ஒருவரிடம் கெஞ்சி சீட் மாற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் வலப்பக்கம். ருமானா சொல்லியிருக்க மாட்டாள்.

"எப்பப்பா தெரியும்?"

காபியைக் கீழே வைத்தார். "அன்னைக்கே தாயி. சரம் முடிஞ்சதும் உனக்கு இடப்பக்கமா நின்னு உன்னக் கூப்பிட்டேன். நீ திரும்பல."

"பிறகு ஏன் பேனர் வச்சீக? ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ எனக்குத் தெரியக் கூடாதுன்னு அம்புட்டுப் பாடுபட்ட. தெரிஞ்சதாக் காட்டுனா நீ ஓடுறதையும் விட்டுருவியோன்னு பயந்துட்டேன்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அழுதேன். அப்பா என் பக்கம் சாய்ந்து, "மன்னிச்சிரு தாயி" என்றார். ஒரே தடவைதான், உதடு அசைந்ததா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக. எனக்குக் கேட்டது.