அப்பா எழுந்து நின்ற ஞாயிறு

கிழக்குத் தாம்பரம்
27 நவம்பர் 1973

என் பிரியமுள்ள மகள் எப்சிக்கு, ஆண்டவருடைய நாமத்தில் அம்மா எழுதுவது. அவர் கிருபையால் இங்கே நான், அப்பா, அண்ணன், அண்ணி, தம்பி எல்லோரும் சுகம், புதிதாக வாங்கின கோழிகளும் சுகம். அந்த லூதியானா குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். உன் கடிதம் போன வாரம் வந்தது. இரண்டே வரி. அப்பா பதில் சொன்னால் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், சொல்லாவிட்டால் இங்கேயே டியூட்டி போட்டுக்கொள்கிறேன் என்று. ஊசி போட்டுப் பழகின கை அல்லவா, எழுத்திலும் நறுக்கென்று குத்துகிறாய். உன்மேல் தப்பு சொல்ல மாட்டேன். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தியே நீ கேட்டுவிட்டாய், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வில்பிரட் மாசியைக் கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று. உங்கப்பா அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, மடித்து, ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டு, பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமைப் பார்த்துக்கொண்டே இந்த வருஷம் முடியப் போகிறது. பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் கதைப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிற உன் பழைய புத்தியைக் காட்டாதே. இந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் படித்தால் அந்தப் பதில் உனக்குப் புரியாது, அப்புறம் என்னைத்தான் குறை சொல்வாய்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் இந்த வீட்டில் சொல்லப்போவதில்லை. ஜூன் மாதத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் தலைமையாசிரியை. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதே. தலைமையாசிரியைக்கு ஒரு கை வைத்த நாற்காலி உண்டு, அதில் ஒரு கை கிடையாது, அவ்வளவுதான். ஆகஸ்டில் பிள்ளைகளைக் கோவளத்துக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போனோம். உல்லாசம் பிள்ளைகளுக்கு, பயணம் எனக்கு. போகும்போது பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி, மீதிப் பேர் பாட்டு. கடற்கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு, இன்னா டீச்சரம்மா, இத்தினி புள்ளைங்களயும் நீயா பெத்துகினு வந்துகீறே என்று கேட்டாள். நான் பெற்றதில் ஒன்று வடக்கே இருக்கிறது, அது ஒன்றைத்தான் கூட்டிவர முடியவில்லை என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். அவள் என்ன நினைத்தாளோ, ஒரு பிடி நெத்திலியை வாழையிலையில் கட்டிக் கையில் திணித்துவிட்டாள். அது திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லோருக்கும் தன் வாசனையைப் பகிர்ந்துகொண்டு வந்தது.

தம்பி ஐசக் பியூசி தேறிக் காலேஜில் சேர்ந்துவிட்டான். படிப்பு வளர்கிறதா தெரியாது, தலைமுடி நன்றாக வளர்கிறது. காலடியில் பாவாடை மாதிரி விரிகிற பேண்ட் ஒன்று தைத்திருக்கிறான். அதில் மிச்சப்படுத்தினால் உங்கப்பாவுக்கு இரண்டு சட்டை தைக்கலாம். தெருவைப் பெருக்க ஆள் வேண்டாம், இவன் நடந்து போனால் போதும் என்கிறார் அப்பா. அண்ணன் சுந்தர்சிங்கைப் பற்றி என்ன எழுத? கல்யாணம் ஆனதிலிருந்து வேலையிலிருந்து நேரத்துக்கு வீடு திரும்புகிறான், அதுவே பெரிய அற்புதம். உன் அண்ணி சரோஜினி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். சாயங்காலம் உங்கப்பா ஒரு குரல் கொடுத்தால் அடுப்படியிலிருந்து, நம்பர் ப்ளீஸ் என்று பதில் சொல்லுவாள். அவரும் காபி என்கிற நம்பரைக் கேட்பார். சில நாள் லைன் பிஸி என்றும் வரும். அவர்கள் கல்யாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்காமல் போனதில், நீ பார்க்காமல் விட்டது கல்யாணத்தை மட்டும் அல்ல. அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அதை உனக்கு எழுதவே கூடாது என்று உங்கப்பா உத்தரவு போட்டிருந்தார். இப்போது அவரே, எழுது, எதையும் விடாமல் எழுது என்று சொல்லிவிட்டார். கேள்.

மே மாதம் முதல் ஞாயிறு. கோவிலில் சுந்தர்சிங்குக்கு முதல் ஓலை. மூன்று ஞாயிறு சபை முன்னால் கல்யாண ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தானே கல்யாணம். பெண்ணின் அப்பா ஏசுபாதம் சார் அனகாபுத்தூரிலிருந்து அதைக் கேட்பதற்கென்றே வெள்ளை ஜிப்பாவில் வந்து, ஆண்கள் பக்கம் உங்கப்பாவுக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுந்தர்சிங் பாடகர் குழுவில். நான் பெண்கள் பக்கம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், மேலே ஃபேன்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. உங்கப்பாவுக்கு அந்தச் சத்தம் போதாதா? அவருடைய தூக்கம் உனக்குத் தெரியும். சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் பார்க் ஸ்டேஷன் வருமுன் குறட்டை. நடுவில் எந்த ஸ்டேஷனில் எவ்வளவு கூச்சல் எழுந்தாலும் கண் திறக்காது. தாம்பரத்தில் வண்டி நின்று, எல்லாச் சத்தமும் ஓய்ந்தால்தான் விழிப்பு வரும், கை தானாகக் குடையை எடுக்கும், கால் தானாக எழுந்து நிற்கும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை என்று அதற்கு ஒரு பெருமை வேறு. அன்றைக்கு அசரியா போதகர் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, இவர்கள் விவாகத்துக்கு நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போது சொல்லலாம் என்று சொல்லி நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஃபேன் எல்லாம் நின்றது. கோவிலில் ஊசி விழுந்தால் கேட்கும். உங்கப்பா குடையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

எப்சி, நினைத்துப் பார். மாப்பிள்ளையைப் பெற்ற தகப்பனே ஓலைக்கு எழுந்து நிற்கிறார்! சபை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. பாடகர் குழுவில் சுந்தர்சிங் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டது. போதகர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தேவானந்தம் அண்ணே, உங்களுக்கா தடை என்று கேட்டார். உங்கப்பா அக்கம்பக்கம் பார்த்து, தாம்பரம் வந்துடுச்சுங்களா என்றார். போதகர் உதட்டைக் கடித்துக்கொண்டு, தாம்பரம்தான் அண்ணே, ஆனா இறங்க வேண்டாம், உட்காருங்க என்றார். அதற்குப் பிறகு எங்கே ஆராதனை? மூப்பர்கள் சிரித்தார்கள், சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள், நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். ஐசக் இன்றைக்கும் யார் நம் வீட்டுக் கதவைத் தட்டினாலும், தாம்பரம் வந்துடுச்சு என்றுதான் திறக்கிறான்.

சிரிக்காதவர் ஒரே ஒருவர், ஏசுபாதம் சார். அவர் வீட்டுக்குப் போய், மனதில் ஏதோ இல்லாமலா மனிதர் அந்த இடத்தில் எழுந்திருப்பார் என்று சொல்லியிருக்கிறார். நான் அன்றைக்கே உங்கப்பாவிடம், அனகாபுத்தூர் வரை ஒரு நடை போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். அவருக்கு வெட்கம். எல்லாரும் சிரிச்சாச்சு, இன்னும் போய் என்னத்தைச் சொல்றது, பார்க்கலாம் என்றார். அந்த வாரம் முழுவதும் யாரும் போகவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலைக்கு உங்கப்பா விறைப்பாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் ஏசுபாதம் சார் முகம் தெளிந்தது. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நாங்களும் மறந்துவிட்டோம்.

அக்டோபரில் ஒரு மழை நாள். தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி ஓடவில்லை, எல்லோரும் வீட்டில். உங்கப்பா ஈஸிசேரில் தூங்குகிறார். கரண்ட் போய் ஃபேன் நிற்க, மனிதர் துள்ளி எழுந்து குடையைத் தேடினார். வீடே சிரித்தது. சரோஜினியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, இப்ப சிரிக்கிறேன் மாமா, அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கலை, என்னைப் பிடிக்காமத்தான் எழுந்து நின்னீங்கன்னு நினைச்சு ராவெல்லாம் அழுதேன், நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, காபி டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள். உங்கப்பா அந்தக் காபியைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் ரேடியோவைத் தூக்கி, அடியிலிருந்த உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். அவளுக்கு ஒரு வாரம், எப்சிக்கு எத்தனை மாசம் சாராள் என்று என்னிடம் கேட்டார். அவருக்கே எண்ணத் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், நீ சம்மதம் கேட்டு எழுதின அன்று எனக்கும் முதலில் அழுகைதான் வந்தது. நம் பேச்சு தெரியாத வீட்டில் போய் என் பிள்ளை தலைவலி என்றால் யாரிடம் எப்படிச் சொல்லும் என்று. அப்பாவுக்கு வேறு பயம். அவன் அப்பன் யார், பாட்டன் யார், எந்த ஊர் ஜனம் என்று நம் ஊர் நாசரேத்தில் உன் அத்தை கேட்பாளே என்று. அந்த மழைக்குப் பிறகு அவரே அத்தைக்கு எழுதிவிட்டார். பதில் வந்தது. என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குக் காட்டவில்லை. இரண்டு நாள் மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய இந்திப் புத்தகம் வாங்கி வந்தார். ஐசக் தலையில் அடித்துக்கொண்டு, என் சினேகிதன் எவனாவது பார்த்தால் நான் காலேஜ் பக்கம் போக முடியாது என்றான். அதனால் புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு ரயிலில் வைத்துப் படிக்கிறார். அடுத்த வீட்டு ராஜகோபாலன் சார் டில்லியில் வேலை பார்த்தவர் அல்லவா, அவரிடம் போய் ஆயியே, பைட்டியே, அதாவது வாங்க, உட்காருங்க என்று ஒப்பித்துக் காட்டினார். உங்க இந்தியைக் கேட்டா மாப்பிள்ளை ஒரே வாரத்துல தமிழ் கத்துக்குவார் சார் என்றார் அவர். இந்த வீட்டில் அதுவரை யாரும் அந்தப் பையனை மாப்பிள்ளை என்று சொன்னதில்லை. உங்கப்பா அவரைத் திருத்துவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை, அந்த பைட்டியேயை இன்னொரு தரம் சொல்லிக் காட்டினார்.

போன வாரம் நடந்ததைக் கேட்டால் நம்ப மாட்டாய். செங்கல்பட்டு வண்டியில் ஏறி, புத்தகத்தில் மூழ்கி, தாம்பரத்தைத் தவறவிட்டு வண்டலூரில் போய் இறங்கியிருக்கிறார். தூங்கிக்கொண்டே தவறாதவர் விழித்துக்கொண்டு தவறிவிட்டார். வழி தெரியாத பிள்ளை மாதிரி நனைந்துகொண்டு வந்து நின்றார். துண்டை எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முந்தாநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை வாசலில் நிறுத்திவிட்டுப் போதகரிடம் அவராகவே போனார். லூதியானாப் பையனுக்கும் நம் பெண்ணுக்கும் இங்கே ஓலை வாசிக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தார். அந்தச் சபைக் குருவானவரிடமிருந்து ஒரு கடிதமும் வில்பிரட்டின் ஞானஸ்நானச் சர்டிபிகேட்டும் வேண்டுமாம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், கிறிஸ்துமஸுக்கு எப்சி தனியா வரக்கூடாது, அந்தத் தம்பியையும் கூட்டிக்கிட்டு வரணும்னு எழுது என்றார். போதுமா கண்ணு? இப்போது நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும். அழுது முடித்துவிட்டு மீதியைப் படி.

ரயிலில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடாதே, ராத்திரியில் காதை மூடிக்கொள். அந்தத் தம்பிக்கு நம் தாம்பரத்துக் கொசுவைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வை, வந்த பிறகு தெரிந்தால் மனம் மாறிவிடப் போகிறான். அவனுக்குக் காரம் ஆகுமா ஆகாதா என்று எழுது, சரோஜினி இரண்டு மாதிரியும் குழம்பு வைக்கத் தயாராக இருக்கிறாள். சர்டிபிகேட்டை மறக்காதே, துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டு வா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உங்கள் இரண்டு பேரையும் ஆசீர்வதிப்பாராக. அப்பாவையே எழுதச் சொன்னேன், நீயே எழுது, நான் கடைசியில் ஒரு வரி போடுகிறேன் என்கிறார். அவருக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா,
சாராள் தேவானந்தம்

எப்சி, உன்னை இத்தனை மாதம் காக்க வைத்துவிட்டேன். உன் ஓலை வாசிக்கிற அன்றைக்கு ஃபேன் நின்றாலும் சரி, தாம்பரமே வந்தாலும் சரி, நான் எழுந்திருக்க மாட்டேன்.
அப்பா