சத்தியம் செய்ய மறுத்தேன்

கார்த்திகை 12, வியாழன்

ஐம்பது வயதில் நான் பகுதிநேரமாகப் படிக்கும் குழந்தைகள் நல ஆலோசனைப் படிப்பின் பயிற்சிக்காக இன்றும் பள்ளிக்குப் போனேன். பத்தாம் வகுப்பு ரேவதி வந்து கதவருகில் நின்றாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்."

முடியாது, உனக்கு ஆபத்தென்றால் சொல்லியாக வேண்டும் என்றேன்.

"இந்த வயசுல இதத்தான் படிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்யக் கூடாது என்று படிப்பில் சொன்ன விதியின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

மதியம் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "எங்க அத்தை சத்தியம் பண்ணிட்டு அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. நீங்க முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டீங்க."

சம்பா அறுவடை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணமாம். வயது பதினைந்து.

தலைமையாசிரியையிடம் யார் சொல்வது என்று கேட்டேன்.

"நானே சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க."

நின்றேன். தெளிவாகச் சொன்னாள். உடனே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டோம். நாளை அதிகாரிகளுடன் நானும் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மா என்னைத் திட்டுவாள். திட்டட்டும்.