முழுப்பேர்

கண்டிச் சீமை, மடுல்கெல்ல கோப்பித் தோட்டம்,
ஐப்பசி.

என் பிரியமுள்ளவளுக்கு,

மகள் எப்படி இருக்கிறாள் என்று ஊரிலிருந்து இரண்டு ஆள் மூலம் கேட்டனுப்பிவிட்டாய். பதில் எழுதக் கை வரவில்லை.

இங்கே அவள் புதுப்புதுச் சொல்லாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்டது கிடைத்து அதுவே வினையாகிவிட்டால், உடனே அதற்கொரு பேர் வைப்பாள். தேனுக்கு ஆசைப்பட்டு உதட்டில் கொட்டு வாங்கினாள், அது 'தேன்வீக்கம்'. வேலை நிற்கட்டும் என்று மழையை வரமாகக் கேட்டாள். கூரை ஒழுகி, நாளெல்லாம் சட்டி ஏந்தி நின்று கை சுளுக்கிக்கொண்டது. அது 'வரச்சுளுக்கு'. லயத்து வரிசை வீடெல்லாம் சிரித்தது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சிறுபிள்ளைகளுக்கு அரைப்பேர்தான் போடுவார்கள். அரை ஆள், அரைக் கூலி என்று அர்த்தம்.

"எனக்கும் முழுப்பேர் போடச் சொல்லுங்கப்பா" என்று நச்சரித்தாள். நான்தான் கங்காணியின் காலைப் பிடித்தேன்.

"அப்படின்னா பெரியாளுகளோட மேமலைக்கு அனுப்பு" என்றார்.

மழையில் அந்தச் சரிவு எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பழம் பறிக்கும் சாக்கை அவள் இடுப்பில் நானே கட்டிவிட்டேன். மத்தியானம் சரிவுக்கடியிலிருந்து அவளைத் தூக்கி வந்தார்கள். நான் போட்ட முடிச்சு அவிழாமலே இருந்தது.

இதற்கு ஒரு சொல் தேடிப் பார்த்தேன். அவளைப் போல எனக்கு வரவில்லை.

கணக்கப்பிள்ளை புதியவர், அவள் பேரை இன்னும் வெட்டவில்லை. இன்று பெரட்டில் கூப்பிட்டார். "இருக்கா ஐயா" என்று நான் குரல் கொடுத்துவிட்டேன்.

அவர் முழுப்பேர் போட்டுக்கொண்டார்.

உன் முகத்தில் விழிக்க வழியில்லாத,
அவளுடைய அப்பன்