சீட்டுக்கு அடியில் இருந்த எண்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். அப்பாவின் காது மட்டும் தனக்கு வேண்டியதைத்தான் கேட்கிறது. இக்கடிதத்தைப் படிக்காமலே கிழித்தெறிய உனக்கு முழு உரிமை உண்டு. ஆயினும், இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் வழங்கிய தீர்ப்பு பிழையானது என்பதை எழுத்தில் தருவது என் கடமை.

அப்பாவின் சைக்கிளுக்கு நீ பச்சை வர்ணம் பூசிக் கொண்டுவந்தாய். நான் அதைக் கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சுக்கு அடியில் இருந்த எண்ணை ரசீதோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. முன்பக்கக் கம்பெனி வில்லையும் காணோம். நல்ல ஃபிரேமை விற்றுவிட்டு வேறொன்றை மாட்டி வந்தாய் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். நீ அன்றே வீட்டை விட்டுப் போனாய்.

சென்ற வாரம் அக்கா அதை ஓடவைக்க மெக்கானிக்கை அழைத்தாள். பெடல் அச்சு தேய்ந்திருந்தது; கம்பெனியும் ஆண்டும் தெரிந்தால்தான் மரை பொருந்தும் புது அச்சு கிடைக்குமாம். அவர் சீட்டுக்கு அடியில் உன் பச்சை வர்ணத்தைச் சுரண்டினார். பறவை முத்திரை தெரிந்தது. அதன் கீழ் 58417. ரசீதில் உள்ள அதே கம்பெனி, அதே எண். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. ரசீது 1959 பிப்ரவரி. முரண் இல்லை. வில்லையின் ஆணித்துளைகள் இரண்டும் வர்ணத்துக்குள் அப்படியே இருக்கின்றன. பெயின்ட் கடையில் கழன்று தொலைந்திருக்கலாம். இது ஊகம் மட்டுமே.

நான் பார்த்த எண் எதுவென்று கேட்டேன். "அது அந்தக் குழாயை வார்த்தவன் போட்ட நம்பர் சார். தலைகீழாப் புரட்டிப் பாத்தா எல்லாம் தலைகீழாத்தான் தெரியும்" என்றார். அக்கா விடுவாளா? "ஊரெல்லாம் சாட்சி கேக்கிறவன், வீட்டுல இருந்த சாட்சியை நம்பலையே" என்றாள். உண்மை. "மிதிக்கிறவனுக்குத் தெரியாதாடா, இது என் வண்டிதான்" என்று அப்பா அன்றே சொன்னார். பாசத்தில் சொல்கிறார் என்று தள்ளினேன்.

நீ குற்றமற்றவன். இதில் எனக்கு இப்போது எள்ளளவும் ஐயமில்லை.

சீட்டை உயர்த்தி வைக்கச் சொன்னேன். யார் ஓட்டப்போகிறார்கள் என்று மெக்கானிக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அப்பா உள்ளறையிலிருந்து, "சின்னவன்" என்றார்.

நீயும் உன் குடும்பமும் நீடு வாழ்க. பதில் எழுத வேண்டாம்; வந்து சேர்.

உன் அண்ணன்