எட்டு மணி வரை ஓ.டி.

வியாழக்கிழமை

இன்று கோர்ட்டில் முதல் வாய்தா. தம்பி தன் மனைவி கலாவை அடித்த வழக்கில் அவன் முதல் எதிரி, அக்கா நான் இரண்டாம் எதிரி.

வக்கீல் சொன்னார்: "அன்னிக்கு எட்டு மணி வரிக்கும் ஓ.டி.ன்னு ஒரகடம் கம்பெனி பதிவு கீதுல்ல மேடம், அத குடுத்தா உங்க பேரு கழண்டுடும்."

பதிவில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன். எட்டு மணிக்கு என் வருகைக் கார்டைத் தேய்த்தது உடன் வேலை செய்யும் மல்லிகா.

வராந்தாவில் கலா நிறுத்தினாள். "நீங்க கை வைக்கல அண்ணி. கதவையாவது தட்டியிருக்கலாமில்ல?"

அன்று அவள் அண்ணி, அண்ணி என்றுதான் கத்தினாள். நான் சமையலறையில் மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் எதுவும் இல்லை.

பதிவின் நகலை வக்கீல் நாளைக்குள் கேட்டிருக்கிறார். பையில்தான் இருக்கிறது. கொடுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.