மொச்சைக் குழம்பு கற்றுக்கொடுக்க நான் வரவில்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தங்கச்சியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்த முறை கேட்கவில்லை. உன் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், பேசிப் பேசி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டுப் போனை வைத்துவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய டிக்கெட் வந்து சேர்ந்தது. சீருடை ஆர்டர் முடிகிறவரை யாருக்கும் லீவு இல்லை என்று தையல் கூடத்தில் சூப்பர்வைசர் கறாராகச் சொல்லியிருந்தான், அவனோடு மல்லுக்கு நின்று லீவு வாங்கினேன். காலர் மேசையில் என் பக்கத்தில் இருக்கிறவள், "அக்கா, ஜன்னல் சீட்டா கேட்டு வாங்கு, இல்லாட்டி ரெண்டு தடியனுங்களுக்கு நடுவுல சொருகிடுவாங்க" என்று பாடம் எடுத்தாள். கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் பெண்டாட்டியிடம் பெட்டி இரவல் வாங்கி, அதன் அறுந்த ஜிப்பைக்கூட நானே மாற்றித் தைத்துவிட்டேன். மகன் வீட்டைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "அவளுக்குக் கை வரலைம்மா, நீ வந்து அந்த மொச்சைக் குழம்பையாவது ஒழுங்கா வைக்கக் கத்துக்கொடு, நம்ம குடும்பத்து ருசி அது" என்றாய். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மறுநாள் மத்தியானமே அவள் கூப்பிட்டாள். வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அறைக்கு வெளியே மாடிப்படியில் நின்றுகொண்டு, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பது போலக் கேட்டாள். "அத்தை, தேங்காய் அரைச்சு ஊத்தினதுக்கப்புறம் நல்லா கொதிக்க விடணுமா, நுரை கட்டினதும் இறக்கிடணுமா? இந்தத் தடவை தப்பு வந்துடக் கூடாது." குழம்பு வைக்க ஆசைப்படுகிறவள் அந்தக் குரலில் கேட்க மாட்டாள். எனக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். அதே கேள்வியை அதே குரலில் உன் அப்பாவைப் பெற்றவளிடம் நான் கேட்டிருக்கிறேன்.

வீடியோவைப் போட்டு முகத்தைக் காட்டு என்றேன். காட்டினாள். வேலைக் கோட்டின் கை மேலே ஏறியிருந்தது, முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து உரிந்திருந்தது. என்ன என்று கேட்டால் ஆவி அடித்துவிட்டது என்கிறாள். யாரிடம் சொல்கிறாள் பார். ஆவி விரலில் அடிக்கும், மணிக்கட்டில் அடிக்கும், முழங்கையின் வெளிப்பக்கம் போய் எப்படி அடிக்கும்? முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால்தான் அங்கே படும். குழம்பைச் சுடச்சுட எறிந்தானா என்று நேராகவே கேட்டேன். "எறியல்லாம் இல்லை அத்தை, தட்டைத் தள்ளினார், நான் குறுக்கே நின்னுட்டேன், அவ்வளவுதான்" என்றாள். குறுக்கே நின்றாளாம். சொந்தச் சமையலறையில் நிற்பதற்கு அவள் உன்னிடம் அனுமதி கேட்க வேண்டும் போலிருக்கிறது.

குடும்பத்து ருசி என்றாயே, அந்த ருசி எப்படி வந்தது என்று இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். என் மொச்சை ஏன் வெண்ணெய் மாதிரி இருக்கும்? கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஒரு மொச்சை நடுவில் வேகாமல் இருந்தது. உன் அப்பா அதை வாயிலிருந்து எடுத்து, அவருடைய அண்ணன் முன்னால் என் உள்ளங்கையில் வைத்து, "கடி, எனக்குச் சத்தம் கேட்கணும்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்க்காமல் நான் அடுப்பை அணைத்ததில்லை. மல்லியைத் தனியாக, மிளகாயைத் தனியாக வறுப்பது ஏன்? சேர்த்து வறுத்து ஒரு தடவை தீய்ந்துபோனது, சட்டியோடு தொட்டியில் கவிழ்த்தார், நாங்கள் எல்லோரும் வெறும் சோறு தின்றோம், அவர் மட்டும் வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தார். புளியைச் சுண்ட வைப்பதற்கும் ஒரு கதை இருக்கிறது, அது உனக்கு எழுத வேண்டாம், என் காது அதற்கப்புறம் கொஞ்ச நாள் சரியாகக் கேட்கவில்லை. உன் அப்பாவைப் பெற்றவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இப்படித்தான் வந்தது, அவளுக்கும் இப்படி ஒரு புருஷன் இருந்தார், அவளுடைய மாமியாருக்கும் இருந்தார். மூன்று பெண்கள் அடி வாங்கி அடி வாங்கித் திருத்திய குழம்பு அது. அதைத்தான் நீ நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, உன் கூட்டாளிகளிடம் எங்கேயும் கிடைக்காது என்று பீற்றிக்கொள்கிறாய். உன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நான் அதை வைத்ததே இல்லை. நீ வந்தபோது மட்டும் வைத்தேன், ஆசையாகக் கேட்டாயே என்று.

நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்பதும் எனக்குத் தெரியும். உனக்குப் பேச்சே சரியாக வராத வயதில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் போலவே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாய். உன் அத்தை, "அப்பனை உரிச்சு வச்சிருக்கான் பாரு" என்று கன்னத்தைக் கிள்ளினாள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. தரையை நான் துடைத்தேன். ஆனால் அன்றைக்கு நீ குழந்தை. இன்றைக்கு இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பதறாதீர்கள் என்று தன்மையாகப் பேசி வெளியே எடுக்கிறவன். முதலாளி கத்தினாலும் சரிங்க சார் என்கிறவன். உனக்குக் கோபத்தை அடக்கத் தெரியாது என்று என்னிடம் சொல்லாதே. யாரிடம் காட்டினால் திருப்பி வராது என்று பார்த்துக் காட்டுகிறாய், அவ்வளவு விவரம். அவளும் உன்னைப் போலவே வேலைக்குப் போய்விட்டு, கால் வீங்கி வீட்டுக்கு வருகிறவள். நீ சம்பாதிப்பது மட்டும் உழைப்பு, அவளுடையது பொழுதுபோக்கா? விஷயத்தைக் கேட்ட உன் தங்கச்சி, "அண்ணனுக்கு ஒரு பாத்திரக் கடை வச்சுக் கொடுத்துடலாம்மா, எறிய எறிய ஸ்டாக் இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் தனக்குப் பார்த்த வரனை வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அந்தப் பையன் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இனிமேல் அந்தக் குழம்பை வைக்காதே, அவன் கேட்டால் அத்தை வேண்டாம் என்று சொன்னாள் என்று சொல், என்றேன். பதிலை உனக்குச் சொல்கிறேன். கொதிக்க விடக் கூடாது, நுரை கட்டினதும் இறக்க வேண்டும். மொச்சையை முதல் நாளே ஊறப் போடு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் உப்புப் போடாமல் வேக வை, உப்பு கடைசியில். வெங்காயம் உரிக்கும்போது கண் எரியும், எரியட்டும். வைத்து, அவளை உட்காரவைத்து, அவளுக்கு முதலில் போடு. நன்றாக இல்லை என்று அவள் சொன்னால் கேட்டுக்கொண்டு நில்.

டிக்கெட் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ கூப்பிட்டால் நான் வரமாட்டேன். அவள் கூப்பிட்டு வாங்க அத்தை என்றால் வருவேன், கூடத்தில் லீவு அப்படியே இருக்கிறது. அவள் வரச் சொல்லாமல், தானே இங்கே வருகிறேன் என்றால் அதற்கும் தயார், உள் அறையில் தையல் மெஷினை நகர்த்தி இடம் செய்தாகிவிட்டது, அவளிடமும் சொல்லிவிட்டேன். அனுசரித்துப் போ, ஆம்பளை அப்படித்தான் என்று என்னை எல்லோரும் திருப்பி அனுப்பினார்கள். நான் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன், பெற்ற பிள்ளைக்காகவும் மாட்டேன்.

உன் இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள், பாரத்தைக் குனிந்து தூக்காதே. அவள் கைக்கு மருந்து போட்டாளா என்று கேள், கேட்கும்போது கண்ணைப் பார்த்துக் கேள். ஆசீர்வாதம் எழுதுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். அவள் நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும், பயமில்லாமல் ஒரு வாய் சாப்பிடட்டும். உன் பங்கை எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. உனக்கு ஆசீர்வாதம் எழுதலாம் என்று இனி அவள் வாயால் சொன்னால்தான் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா