துடுப்புக்காரி சாகாத ஒன்பதாம் பாகம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன், ஆனால் இங்கே நடந்ததைச் சொல்லாமல் அப்படி எழுதினால் அது பாதி நலம்தான். உட்கார்ந்து நிதானமாகப் படி, நடுவில் பதறிப்போய் போனை எடுக்காதே.

அம்மாவின் கண் ஆபரேஷன் வரை உனக்குத் தெரியும். பிரிந்த விழித்திரையை ஒட்டவைத்து, அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு காற்றுக்குமிழியை வைத்தார்கள். குமிழி சரியான இடத்தில் நிற்க வேண்டுமென்றால் தலையைக் கவிழ்த்தே இருக்க வேண்டுமாம். கட்டிலில் குப்புறப் படுத்து, விளிம்பில் நெற்றியை வைத்து, தரையைப் பார்த்தபடி கிடந்தாள். படிக்கவே கூடாது, நல்ல கண் வரிமேல் ஓடினால் கட்டுப்போட்ட கண்ணும் கூடவே ஓடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அழுது கண்ணைக் கசக்கினாலும் ஆபத்து என்றார். அந்த நேரம் பார்த்து நீ அனுப்பிய பார்சல் வந்தது. நீயும் அம்மாவும் விடாமல் படிக்கும் நதிக் கதையின் ஒன்பதாம் பாகம், அதுதான் கடைசி.

நீ பள்ளியில் படித்தபோது பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த முதல் பாகத்தை அம்மா பிடுங்கினாளே, என்ன கண்றாவி என்று புரட்டிப் பார்க்கப் போனவள் அன்றைக்குப் பாலை அடுப்பில் பொங்கவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் யார் முதலில் படிப்பது என்று உங்கள் இருவருக்கும் இழுபறி. பூமிக்கடியில் ஒளிந்துகொண்ட ஆறுகள், அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சிறுமி, இதெல்லாம் எனக்குப் பிடிபடாது. ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே காலம் தள்ளியவன், எதையும் கையில் வாங்கிப் பார்த்தால்தான் நம்புவேன். ஆனால் அம்மா, "நீங்களே படிச்சுக் காட்டுங்க, அந்தத் துடுப்புக்காரி என்ன ஆனான்னு தெரியாம எனக்குப் படுக்க முடியல" என்றாள். அந்தச் சிறுமியை எடுத்து வளர்க்கும் படகுக்காரி, வாயைத் திறந்தால் திட்டு, அவள்மேல் உன் அம்மாவுக்கு உயிர்.

எனக்கு முன்னெச்சரிக்கை ஜாஸ்தி, உனக்குத் தெரியும். முதல் நாளே மீதிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பாதிப் புத்தகத்தில் துடுப்புக்காரி செத்துப்போகிறாள். சிறுமி தப்பிக்க மதகுக் கதவைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே தண்ணீருக்குள் போய்விடுகிறாள். இதை அம்மாவிடம் எப்படிப் படிப்பேன்? அந்த இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவள் உடைந்த துடுப்பைப் பிடித்து நீந்திக் கரையேறினாள் என்று சொல்லிவிட்டேன். அவள் முதுகுதான் எனக்குத் தெரியும், என் முகம் அவளுக்குத் தெரியாது, தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் உயிரோடு விட்டவளை அப்புறம் என்ன செய்வது? ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. அரண்மனைக்குள் எல்லாரும் போகும்போது, முழங்கால் வலி என்று சொல்லிப் படகிலேயே உட்காரவைத்தேன்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் முதல் சந்தேகம். ஒரு நாள் மட்டும், "இவ இப்பல்லாம் உங்க அக்கா மாதிரி புத்தி சொல்றாளே, திட்டவே மாட்டேங்கறா" என்றாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். சொட்டு மருந்து போட வரும் நர்ஸம்மாவைச் சந்தேகப்பட்டேன், அவர் மகளும் இதே கதையைப் படிக்கிறவள். உன்னையும் சந்தேகப்பட்டேன், ஒளிப்பானேன். பிறகு மருந்துக் கடைக்குப் போய் வந்த ஒரு காலையில், மேஜைமேல் வைத்துவிட்டுப் போன புத்தகத்தின் பின்னட்டை ஈரமாக இருந்தது. வேலைக்காரம்மா அப்போதுதான் தரை துடைத்துவிட்டுப் போயிருந்தார். மேஜைமேல் இருந்த புத்தகத்துக்கு ஈரம் எப்படி வந்தது?

மறுநாள் பால் வாங்கப் போவதாகச் சொல்லி, கேட்டைச் சத்தமாகச் சாத்திவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றேன். கட்டிலுக்குக் கீழே தரையில் புத்தகம் விரிந்து கிடந்தது. அம்மா குப்புறப் படுத்தபடியே ஒரு கையைத் தொங்கவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். ரயிலில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன், சொந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிடுங்கி, கண் வேண்டாமா உனக்கு என்று கத்தினேன். அவள் தலையைத் தூக்காமலே, "அவ தண்ணிக்குள்ள போயிட்டா. நீங்கதான் இத்தனை அத்தியாயமா அவளை உட்கார வச்சிருக்கீங்க. ஒழுங்காப் படிச்சிருந்தா நான் ஏன் இதைத் தொடறேன்?" என்றாள்.

அப்படியே ஆட்டோவில் தலையைக் கவிழ்த்து உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு, ஓரத்தில் லேசாகத் தூக்கியிருக்கிறது என்று லேசர் வைத்து ஒட்டினார். படித்ததால்தானா என்று கேட்டேன், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அதற்கப்புறம் நான் ஒரு வார்த்தைகூட மாற்றாமல், மதகுக் கதவிலிருந்து திரும்பவும் ஆரம்பித்துக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். அந்த இடத்தை மட்டும் வேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தேன். அம்மா கையைப் பின்னால் நீட்டித் துழாவி, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா படிங்க, அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். அவள் அழவில்லை. போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். என் சட்டைக் கோடுகள் கோணலாகத் தெரிகின்றனவாம், ஆனால் தெரிகின்றன. போகப் போக நேராகலாம் என்கிறார் டாக்டர்.

இனி உன் விஷயம். கவிழ்ந்து கிடந்த நாளெல்லாம் நீ போன் பண்ணும்போது அம்மா முகம் பார்க்காமல் உன் குரலை மட்டும் கேட்டிருக்கிறாள். நீ எங்கேயோ ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டுப் பேசுகிறாய் என்கிறாள். வேலையைப் பற்றிக் கேட்டால் அங்கே மழை என்கிறாயாம், கூடத் தங்கியிருந்த பெண்ணைப் பற்றிக் கேட்டால் நாங்கள் சாப்பிட்டோமா என்று கேட்கிறாயாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று வாதாடிப் பார்த்தேன். ஆனால் இந்த விஷயத்தில் அவள் காதை எதிர்த்துப் பேசும் யோக்கியதை எனக்கு இப்போது கிடையாது. எங்களுக்குத் தாங்காது என்று நினைத்து மாற்றிச் சொல்கிறாயோ என்னவோ. அம்மா தாங்குவாள், பார்த்துவிட்டேன். நான் கொஞ்சம் தடுமாறுவேன், பரவாயில்லை, உள்ளதை உள்ளபடியே சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. வருஷத்துக்கு ஒரு முறை நீயும் கண்ணைக் காட்டு, மறக்காதே. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும்.

பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
அப்பா

அம்மா சொல்லச் சொல்ல இதைச் சேர்க்கிறேன்: அங்கே இருக்க முடியவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு, எதற்கு என்று இங்கே யாரும் கேட்கப்போவதில்லை.